கை நனைக்காத மேஜை

ஓட்டல் தொழிலில் பசியோடு வருகிறவர்களைச் சமாளிப்பது சுலபம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் உயிர் போகிற வேலை. எந்த ஊரிலாவது, யாருக்காவது, தோளில் துணியைப் போட்டுக்கொண்டு பரிமாறி நின்றவர்கள் இதைப் படித்தால், "அட, இவனும் நம்ம ஆளுதானா" என்று ஒரு பெருமூச்சு விடுவீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் தேரடித் தெருப் பக்கம் ஒரு சைவ ஓட்டலில் எனக்கு வேலை. கீழே சாதாரண ஹால், மாடியில் ஏ.சி. ஹால். சன்னலே இல்லாத அறை, சிவப்பு ரெக்சின் நாற்காலிகள், மேஜைக்கு மேஜை தலைக்கு மேலே ஒரு கலர் பல்பு. கல்யாண நாளானாலும் சரி, பையன் பாஸானாலும் சரி, நாலு காசு உள்ளவர்கள் மாடிக்குத்தான் ஏறுவார்கள். அந்த ஹாலுக்கு நான் சூபர்வைசர். சூபர்வைசர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வர் வராத அன்று பரிமாறுவதும் நான்தான், தட்டு எடுப்பதும் நான்தான்.

எங்கள் ஹாலுக்குப் பெரிய வாடிக்கை, பெண் பார்க்க வருகிறவர்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு வீட்டாரும் பெரிய கோயிலுக்கு வருவார்கள். கிளி கோபுரத்துப் பக்கம் தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி பார்த்துக்கொள்வார்கள். அப்புறம், உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டுமே என்று எங்கள் மாடிக்கு வருவார்கள். காபி, டிபன் வரைக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் கை நனைத்துவிட்டால் பெண்ணுக்குச் சம்மதம் என்று அர்த்தம். ஆகவே மாப்பிள்ளையின் அப்பா தன் வாயால் "சாப்பாடு" என்று சொல்கிற வரைக்கும் அந்த மேஜைக்கு இலை போகக் கூடாது. கண்கொத்திப் பாம்பாக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த மேஜைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். காரணம், எங்கள் வீட்டிலும் தங்கை வசந்தாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடிவந்த இரண்டு இடங்கள் கலைந்து போயிருந்தன. பெண்மேல் யாரும் குறை சொல்லவில்லை. தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. அண்ணங்காரன் ஓட்டல்ல எச்ச தட்டு எடுக்கறானாமே."

ரோஸ் பல்பு

செங்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா முதல் நாளே வந்துவிட்டார். சாப்பிட வரவில்லை. மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொரு பல்புக்குக் கீழேயும் தன் கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைப் பல்பைப் பார்த்து முகம் சுளித்தார். மூலையில் இருந்த ரோஸ் பல்புக்குக் கீழே அவர் கையே மாம்பழம் மாதிரி தெரிந்தது. "நாளைக்கு இந்த டேபிள் எங்களுக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த பிடியில் எனக்கும் அந்தப் பெண் நல்லபடியாகத் தேற வேண்டும் என்ற கவலை வந்துவிட்டது.

மறுநாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெண் ரோஸ் நிறத்தில் ஜொலித்தாள். பஜ்ஜி ஜொலித்தது. மாப்பிள்ளையின் அத்தை மட்டும் ஒரு தடவை பெண்ணைப் பார்த்தார், ஒரு தடவை பல்பைப் பார்த்தார், ஒரு தடவை தன் அண்ணன் மகனைப் பார்த்தார். அந்த ஏ.சி.யிலும் பெண்ணின் அப்பாவுக்குச் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் அத்தை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்: "பொண்ண கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வாங்க, இங்க எங்க பையன்கூட செவப்பாத்தான் தெரியறான்."

கேட்காமல் வந்த பாயசம்

மூன்றாம் மேஜையில் ஒரு ரைஸ் மில்காரர் குடும்பம், கல்யாண நாள் விருந்து. நாலாம் மேஜையில் பெண் பார்க்கிறவர்கள். எங்கள் சர்வர் முனுசாமி நல்லவன், வேகமானவன். அந்த வேகம்தான் கெடுத்தது. மூன்றாம் மேஜைக்குப் போக வேண்டிய இலைகளை நாலாம் மேஜையில் விரித்து, நான் கையை ஆட்டுவதற்குள் எல்லா இலையிலும் பாயசத்தை ஊற்றிவிட்டான்.

மாப்பிள்ளையின் அப்பா பாம்பைக் கண்டவர் மாதிரி எழுந்தார். "நாங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே, அதுக்குள்ள பாயசமா? எங்கள மடக்கப் பாக்கறீங்களா?" பெண் வீட்டார் ஏற்பாடு செய்த தந்திரம் என்று அவர் நினைத்துவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், முனுசாமி அழாத குறையாகச் சொன்னான். யாரும் கேட்கவில்லை. மொத்தப் பேரும் படி இறங்கிப் போய்விட்டார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி பாயசத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. எனக்கு வசந்தாவின் முகம் ஞாபகம் வந்தது. அங்கே நிற்க முடியவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கத்துகிற ஆள் இல்லை, அதுதான் பயம். விபூதியை நெற்றியில் சரிசெய்துகொண்டே சொன்னார்: "இனிமே பொண்ணு பாக்கற மேஜைக்கு உன்னத் தவிர ஒருத்தனும் போகக் கூடாது. கேக்காம ஒரு பருக்கை போச்சு, அதோட நீயும் வெளிய போயிடு."

வெள்ளைக்காரரின் சந்தேகம்

ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வாரம் ஒரு நாள் எங்களிடம் சாப்பிட வருவார். வேட்டி, வெறுங்கால். தமிழும் ஓரளவு பேசுவார். அன்று பக்கத்து மேஜையில் பெண் பார்க்கும் கூட்டம். பேச்சு சீர்வரிசையில் சிக்கி நின்றிருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிரே வடை ஆறிப் போகிறது, ஒருவரும் தொடவில்லை. இவர் தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர்களையே பார்த்தார். பிறகு தன் தட்டை மோந்து பார்த்தார்.

ஹால் நிசப்தமாக இருந்த அந்த நேரத்தில்தான், இரண்டு சம்பந்திகளுக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, என்னிடம் கேட்டார்: "அந்த டேபிள்ல யாரும் சாப்பிடல. வடை கெட்டதா, இல்ல ஆளுங்களுக்குள்ள கெட்டதா?"

கரண்ட் போன நேரம்

சன்னல் இல்லாத ஹாலில் கரண்ட் போனால் எப்படி இருக்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனியாக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று விட்டிருந்த நேரம். பட்டென்று இருட்டு. மெழுகுவர்த்தி எங்கே என்று நான் தடவிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் அம்மா அலறினார்: "யாரும் எழுந்துக்காதீங்க! பையன் எங்க இருக்கறான், கொஞ்சம் குரல் குடுப்பா!"

பெண் இருந்த பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. எதிர்ப்பக்க மூலையிலிருந்து வந்தது: "இங்கதாங்க இருக்கேன், படிக்கட்டுக் கதவு எந்தப் பக்கம்?"

எங்கள் வீட்டு மேஜை

வசந்தாவுக்கு மூன்றாவதாக வந்த வரன் போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தரகர் எங்கள் அப்பாவிடம்கூடக் கேட்காமல், பெண்ணின் அண்ணன் ஓட்டல் மேனேஜர் என்று சொல்லிவைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் பெண்ணைப் பார்த்தபின் உட்கார்ந்து பேசுவதற்கு வேறு எங்கேயும் இல்லை, எங்கள் மாடியையே கேட்டார்கள். அப்பா பஸ் பிடித்து என்னைத் தேடி வந்தார். "அன்னிக்கு நீ லீவு போட்டுடு" என்றார். பௌர்ணமி, முகூர்த்த நாள் வேறு, முதலாளி லீவு தரவில்லை. "அப்ப சமையல்கட்டுப் பக்கமே இருந்துக்க. முகத்தக் காட்டாத" என்று சொல்லிவிட்டுப் போனார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிற வீடு. ரொம்ப வலித்தது. ஆனாலும் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாயந்திரம் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெண் பார்க்கிற மேஜைக்கு என்னைத் தவிர வேறு ஆள் போகக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலாளி நின்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நான் போனேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரோ எவரோ என்கிற மாதிரி, "எல்லாருக்கும் காபி கொண்டாப்பா" என்றார்.

காபி கொண்டுபோய் வைத்தேன். அதுவரை தலை நிமிராத வசந்தா என்னைப் பார்த்து, "அண்ணா, எனக்கு சக்கரை கம்மியா" என்றாள். எந்தப் பெண்ணும் சர்வரை அண்ணா என்று கூப்பிடுவதுதான். ஆனால் அவள் குரலில் இருந்த உரிமை மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "அண்ணனா?" என்றார். "ஆமாங்க. கூடப் பொறந்த அண்ணன்" என்றாள் வசந்தா, கண்ணைத் தாழ்த்தாமல்.

"மேனேஜர்னு சொன்னாங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எங்கள் அப்பா டம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தார், வைக்கத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அப்பாதான் மறுபடி பேசினார்: "சரி, நேரமாவுது. பௌர்ணமி, மலை சுத்தணும். போய்க் கடுதாசி போடறோம்." அந்த ஹாலில் எத்தனையோ பேர் சொல்லி நான் கேட்ட வாக்கியம் அது. சொன்னவர்களில் ஒருவர்கூடக் கடுதாசி போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் காலித் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பின்னாலேயே மாப்பிள்ளை வந்தார். குழாயைத் திறந்தார், கையை நீட்டவில்லை. "எல்லாருக்கும் எல போட்டு சாப்பாடு கொண்டாந்துடுங்க. கேட்டா தப்பா வந்துடுச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

நான் முதலாளி நின்ற கதவுப் பக்கம் பார்த்தேன். "தம்பி, கேக்காம எல போட்டா எனக்கு வேலை போயிடும். உங்கப்பா எழுந்து போயிட்டாருன்னா எங்க பொண்ணுக்கு இன்னொரு எடமும் வராது."

"போடலன்னா கடுதாசிதான். அது வராதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவங்க உங்கள அண்ணான்னு சொன்னாங்க பாருங்க, அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். எங்கப்பாவ எதுத்துப் பேச எனக்கு தைரியம் இல்லீங்க. சீக்கிரம் போடுங்க, எழுந்துக்கப் போறாரு."

யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். இலைகளை வரிசையாக விரித்தேன், இனிப்பு வைத்தேன், கூட்டு வைத்தேன், சோறு வைத்துப் பருப்பு ஊற்றினேன். கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. முதலாளி உள்ளே வந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பா முகம் சிவந்து எழுந்துவிட்டார். "யாரு கேட்டது இத?"

"தப்பா வந்துடுச்சுங்க. எடுத்துடட்டுங்களா?" என்றேன். எங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வசந்தா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து, தலைக்கு மேலே இருந்த பல்பையே பார்க்க ஆரம்பித்தார். முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்தார். பல்பைப் பார்க்கிற மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கையில் ஊற்றி இலையோரம் தெளித்தார். "போட்ட எலைய யாராச்சும் எடுப்பாங்களா? உக்காருங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். அவர் நின்றபடியே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ரசம் சூடா இருக்குதா?" என்றார். எங்கள் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் மறைத்ததில் ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினேன்.

எல்லோரும் படி இறங்கும்போது அந்த அம்மாள் மட்டும் பின்தங்கி என் பக்கத்தில் வந்தார். கையில் வெற்றிலை மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, தப்பா வந்துடுச்சுன்னு நீங்க சொன்னத நான் அப்படியே நம்பிட்டேன்னு எங்க பையன்கிட்ட சொல்லிடுங்க. பாவம், பயத்துல வாய்க்கு ருசியா ஒரு பிடிகூடச் சாப்பிடல அவன்."

தெரியாமல் செய்த தப்புகளுக்கெல்லாம் என்னை நிற்க வைத்துத் திட்டிய முதலாளி, தெரிந்தே செய்த அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசாமல், வசந்தா கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.