மயில் கழுத்து நிறத்தில் மூடாக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க்காரர்களை வரவழைத்து, கையில் மண்வெட்டியைக் கொடுத்து, அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இறங்கி அடிபட்டவர்கள் நாலு பேராவது இதைப் படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அறுபத்தெட்டு வயது. கோபித்துக்கொள்ளத் தெம்பில்லை.

கல்லூரியில் நான் படித்தது தாவரவியல். இலையைக் குறுக்காக வெட்டி, படம் வரைந்து, பாகம் குறித்தால் பத்து மதிப்பெண். செடியை நட்டு உயிரோடு வைத்தால் மதிப்பெண் கிடையாது. அப்படிப் படித்தவள், கணவர் போன பிறகு வீட்டின் அமைதி தாங்காமல், மடத்துக்குளம் பக்கம் ஒரு பண்ணையில் பத்து நாள் முகாமுக்குப் போனேன். மண்ணைக் கெடுக்காத விவசாயம், உடம்பை அசைக்கும் வேலை, கூடிச் சாப்பிடும் சாப்பாடு, மூன்றும் ஒன்றுதான் என்று அங்கே சொன்னார்கள். அந்த வாக்கியம் காதுக்கு நன்றாக இருந்தது. காதுக்கு நன்றாக இருப்பதை நம்பிவிடுவது என் பழைய வியாதி.

அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் கணவர் விட்டுப்போன மூன்று ஏக்கர் இருந்தது. நல்ல செம்மண், கொஞ்சம் தண்ணீர். ஐப்பசி மழையில் நூறு மரக்கன்று நட்டேன். ஓசூரில் இன்ஜினியராக இருக்கும் என் மகன் செந்தில் எதையும் எண்ணிப் பார்த்துத்தான் நம்புவான். நிலத்தைத் துணிக் குடோனுக்குக் கேட்டு ஆள் வந்திருந்தது. அவன் ஒரு தவணை கொடுத்தான். வைகாசியில் வருவேன், நூற்றில் ஐம்பது உயிரோடு இருந்தால் நிலம் உங்களுக்கு, இல்லாவிட்டால் குடோனுக்கு என்றான். நான் சரி என்றேன். செடிகளின் சார்பாக வாக்குக் கொடுக்க எனக்கு என்ன உரிமை என்று அப்போது தோன்றவில்லை.

உட்காரும் பாடம்

முதல் ஞாயிறு பதினான்கு பேர் வந்தார்கள். பனியன் கம்பெனியில் தையல் லைனில் உட்காரும் பெண்கள், இரண்டு கட்டிங் மாஸ்டர்கள், ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் குமரேசன். பெரும்பாலோர் ஆறு நாள் நாற்காலியில் இருப்பவர்கள். ஆகவே முதல் பாடமாகக் குத்தவைத்து உட்காருவதை வைத்தேன். குதிகால் மண்ணில் படவேண்டும், முதுகு நிமிர்ந்திருக்கவேண்டும், களை எடுப்பதும் கன்று நடுவதும் இந்த ஒரு இருப்பில்தான் என்று விளக்கிக்கொண்டே நானும் உட்கார்ந்து காட்டினேன்.

உட்கார்ந்தது அழகாகத்தான் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. இடது முழங்கால் பூட்டிக்கொண்டது. அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, அப்படியே தொடர்ந்து பேசினேன். மண்புழுவைப் பற்றி, வேரைப் பற்றி, மூச்சைப் பற்றி. எல்லோரும் எழுந்து காலை உதறி, தண்ணீர் குடித்து, திரும்பி வந்து நின்றார்கள். நான் கீழே இருந்தபடியே பூஞ்சைகளைப் பற்றி ஆரம்பித்தேன். அரைமணி நேரம் கழித்துக் குமரேசன் மெதுவாகக் குனிந்து, கையை நீட்டி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"மேடம், எந்திரிக்கறது அடுத்த வாரப் பாடமுங்களா?"

குடமும் கடிகாரமும்

கிணற்றடியிலிருந்து கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமப்பது இரண்டாவது பயிற்சி. குழாய் போட்டிருக்கலாம். போட்டால் பயிற்சி இருக்காது. குமரேசனின் கையில் அடிகளை எண்ணும் கடிகாரம் உண்டு. குடத்தைத் தோளில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் கை ஆடாது. கை ஆடாவிட்டால் கடிகாரம் எண்ணாது. இருபது நடை சுமந்த பிறகு, அவர் உட்கார்ந்தே இருந்ததாகவும் கொஞ்சம் நடந்தால் நல்லது என்றும் அது புத்தி சொன்னது. அவர் அதைக் கழற்றிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சுமந்தார். நான் அதைப் பார்த்து நெகிழ்ந்து, உழைப்பும் உடலும் ஒன்றாகும் தருணம் என்று ஒரு சின்ன உரை ஆற்றினேன்.

ராசாத்தி வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் பண்ணையில் வாரம் முழுக்க வேலை செய்கிறவள் அவள்தான். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருபது வருஷம் துணியில் ஓட்டை தேடி, கண் மங்கி, வேலையை விட்டு என்னிடம் வந்தவள். திங்கள் முதல் சனி வரை அந்தத் தண்ணீரைச் சுமப்பது யார் என்று என் உரையில் நான் சொல்ல மறந்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, எனக்கு ஞாயித்துக்கெழமைக்கு ஏதாச்சும் படுத்துக்கற பயிற்சி இருந்தாச் சொல்லுங்க."

பஷீர் பாயின் குடோனில்

தை மாதம் வெயில் ஏறத் தொடங்கியது. கன்றைச் சுற்றி மண்ணை மூடிவைத்தால் ஈரம் காக்கும். அதற்கு மூடாக்கு என்று பேர். வைக்கோல், இலை, சருகு, மக்கக்கூடிய எதையும் போடலாம். நான் யோசித்தேன். திருப்பூரில் சருகைவிட அதிகம் உதிர்வது பனியன் துணி. கட்டிங் மேஜையிலிருந்து விழும் துண்டுகள் மலைமலையாகக் கிடக்கின்றன. பருத்தி மண்ணில் பிறந்தது, மண்ணுக்கே திரும்பட்டும். இந்த எண்ணம் வந்த அன்று எனக்குக் கால்வலிகூடத் தெரியவில்லை.

கட்டிங் வேஸ்ட் வியாபாரம் செய்கிற பஷீர் பாய், ஞாயிறு சாப்பாட்டுக்குச் சிலமுறை வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். குடோனில் ஒரு பக்கம் வெள்ளையும் பழுப்புமாக, கசங்கிய, மங்கலான குவியல். மறுபக்கம் மயில் கழுத்து நிறம், மாதுளை முத்துச் சிவப்பு, வெயிலில் பிடித்த எலுமிச்சை மஞ்சள். தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் தலையை மூட்டைக்குள் விட்டபடியே ஆமாம் ஆமாம் என்றேன். அந்த நீலத்துக்கு என்ன சொல் பொருந்தும் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு மனிதர் பேசுவது எப்படிக் கேட்கும்? பதினெட்டு மூட்டை எடுத்தேன். வண்டியில் ஏற்றிவிட்டு அவர் சொன்னார்.

"மண்ணுக்குள்ள போடறதுக்கு இவ்வளவு கலர் பாத்து எடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தானுங்கம்மா."

போர்த்திய ஞாயிறு

அந்த ஞாயிறு ராசாத்தி இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடைபோயிருந்தாள். எங்கள் பண்ணை இருக்கும் தாராபுரம் சாலை முழுக்கப் பச்சை உடுத்தியவர்களாக நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இருபது பேர் உள்ளே வேறொரு விழா நடத்தினோம். முட்டிபோட்டு நகர்வது, பக்கவாட்டில் சாய்வது, முதுகைத் திருப்பிக் கையை நீட்டுவது என்று எல்லா அசைவுகளையும் கன்றைச் சுற்றித் துணி பரப்புவதிலேயே அடக்கியிருந்தேன். நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, ஏறி மிதித்து, மேலே தென்னை ஓலை போட்டு மூடினோம். துணிகளின் நிறத்தை ஓலை மறைத்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

முடிந்ததும் கம்பங்கூழ். தையல் லைனிலிருந்து வரும் தேவி, கூழைக் கையில் வைத்துக்கொண்டு நூறு கன்றுகளையும் பார்த்தபடி இருந்தாள். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"வாரம் பூரா அடுத்தவங்க போட்டுக்கறதுக்குத் தைக்கறோம். இன்னைக்குத்தான் போர்த்தியுட்ட மாதிரி இருக்குது."

மழை பெய்த மறுநாள்

பங்குனியில் இலைகள் சுருண்டன. ராசாத்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெயிலுக்குச் செடி தன்னைச் சுருக்கிக்கொள்ளும், அது அதன் அறிவு என்றேன். அந்தப் பாடத்தில் எனக்கு அந்தக் காலத்திலேயே நல்ல மதிப்பெண். சித்திரையில் ஒரு சாயங்காலம் நல்ல கோடை மழை. இனிக் கவலையில்லை என்று தூங்கினேன். மறுநாள் காலையில் பாதைகளில் தண்ணீர் நின்றது. கன்றுகள் முன்னைவிட மோசமாகத் தொங்கின.

ராசாத்தி ஓலையை விலக்கி, துணியை உரித்து, மண்ணைக் கையில் அள்ளினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. மழை அங்கே போகவே இல்லை. வாரம் முழுக்க அவள் சுமந்த குடங்களும் அந்தத் துணிமேல் வழுக்கி ஓரமாக ஓடியிருந்தன. நீலத் துண்டு ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தாள். அதற்கு அந்த மங்கிய கண் தேவையே இல்லை, விரலே போதும். எனக்காகத்தான் தீக்குச்சி கிழித்தாள். பருத்தியாக இருந்தால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, சொட்டி, கறுப்பு மணியாக உறைந்தது. விளையாட்டுப் பனியனுக்கு நெய்கிற பாலியஸ்டர். அந்த மணியை என் உள்ளங்கையில் வைத்தாள். சூடு ஆறியிருந்தது.

"இது மண்ணுக்குப் போர்வை இல்லீங்கம்மா, ரெயின்கோட்டு."

பொறுக்கிய ஞாயிறு

எல்லோரிடமும் சொல்லவேண்டியிருந்தது. உரை ஆற்றுவது எனக்குக் கைவந்தது என்று நினைத்திருந்தேன். அன்று நாலு வாக்கியத்துக்குமேல் வரவில்லை. துணி தப்பு, தேர்ந்தெடுத்தது நான், பாய் சொன்னதை நான் கேட்கவில்லை, செந்தில் அடுத்த ஞாயிறு எண்ண வருகிறான். வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள் இருக்கிற மனிதர்களிடம், என் ரசனை பரப்பி வைத்ததைப் பொறுக்க வாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமலே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு முப்பத்தொரு பேர் வந்தார்கள். குமரேசன் கடிகாரம் இல்லாமல் வந்தார். பஷீர் பாய் காலி மூட்டைகளோடு வந்து, இதை உருக்கித் திரும்ப நூலாக்குகிற இடம் இருக்கிறது, வருத்தப்படாதீர்கள் என்றார். யாரும் பயிற்சி என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மிதித்து இறுகிய துணி வேரோடு பின்னிக்கொண்டிருந்தது. வேர் அறாமல் நூல்நூலாகப் பிரிக்கவேண்டும். நாள் முழுக்கத் தையல் பிரிக்கத் தெரிந்த விரல்கள் அதைச் செய்தன. என் முழங்காலுக்கு ஒரு பலகை போட்டு, நகர்த்தி நகர்த்தி என்னையும் மூன்று கன்றுகளுக்குக் கூட்டிப் போனார்கள்.

பதினோரு மணிக்குச் செந்தில் வந்தான். வரப்பில் நின்று கொஞ்சநேரம் பார்த்தான். சட்டைக்கையை மடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வேலை முடிந்து, எல்லாப் பாத்தியிலும் நிஜமான வைக்கோல் போட்டு, தண்ணீர் விட்ட பிறகுதான் எண்ண ஆரம்பித்தான். ராசாத்தி கூடவே போனாள். இலையோடு நின்றவை நாற்பத்து மூன்று. நான் சொன்ன சொல் சொல்தான் என்று மனதுக்குள் குடோனுக்குக் கதவு வைத்துவிட்டேன். மற்றவை வெறும் குச்சிகள். ஆனால் ராசாத்தி குச்சிகளையும் விடவில்லை. ஒவ்வொன்றின் பட்டையையும் நகத்தால் லேசாகக் கீறினாள். பெரும்பாலானவை உள்ளேயும் பழுப்பு. பதினொன்றில் மட்டும் கீறிய இடத்தில் நூல் அளவுக்குப் பச்சை. இதைச் செத்ததில் சேர்ப்பதா பிழைத்ததில் சேர்ப்பதா என்று அவளுக்கும் தெரியவில்லை. செந்தில் அந்தப் பச்சைக் கோட்டைக் குனிந்து பார்த்தான். விரலால் தொட்டும் பார்த்தான். பிறகு மண் அப்பிய கையைத் தட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இந்தப் பதினொண்ணையும் எதுல சேத்தி எண்ணறதுன்னு எனக்கும் தெரியலீங்கம்மா. ஆடி வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி குடோன்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன், அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரோணும்?"

உடம்பு எப்படியெல்லாம் வளையவேண்டும் என்று ஏழு மாதம் நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றும் தேறவில்லை, முப்பத்திரண்டு பேரை நாள் முழுக்க வலி தெரியாமல் குனியவைத்த ஒரே பயிற்சி என் முட்டாள்தனம்தான்.