அந்த ஒரு வாய்ச் சோறு

கொரோனாவின் இரண்டாவது அலை நேரம். பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வண்டியில் போய் வருவேன். கொரோனா வார்டில் முழுக் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. கழற்றும்போது உள்துணியைப் பிழிந்தால் வியர்வை சொட்டும். பயம்கூட ஒரு கட்டத்தில் அலுத்துப்போய்விடும்.

எங்களில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. மாங்காட்டுப் பெண். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. லீவு கேட்டதற்கு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நாங்களே பேசிவைத்து, அவளை வார்டு பக்கமே விடாமல் கீழே சீட்டு எழுதும் இடத்தில் உட்காரவைத்தோம்.

வார்டில் குப்பை அள்ளும் அக்கா ஒருவர் திருமழிசையிலிருந்து வருவார். நோயாளிகளின் கழிவுப் பையைத் தூக்குகிறவர் என்பதால் அவரைச் சாப்பாட்டு அறைக்குள் சேர்க்கவில்லை. வேண்டாம் என்று முதலில் சொன்னதே நான்தான். நாங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருத்தி டப்பாவில் ஒருத்தி கைவிட்டுச் சாப்பிடுவோம். அந்த அரைமணி நேரத்தில்தான் மூச்சே விடுவோம்.

ஒருநாள் காலையிலிருந்தே எனக்குத் தொண்டை கரகரத்தது. கிருமிநாசினி நெடியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையில், நானும் படுத்துவிட்டால் யார் வேலை பார்ப்பது என்கிற சலிப்பு. அந்த அக்காதான் தள்ளி நின்று கேட்டார்.

"இன்னா சிஸ்டர், தொண்ட கட்டிக்கினு கீது? ஒரு டெஸ்டு எட்த்துடுங்களேன்."

"நீ உன் வேலையப் பாருக்கா" என்று எரிந்து விழுந்தேன். நர்ஸுக்கே பாடமா என்று கோபம் வேறு.

மதியம் எங்களோடு சாப்பிட மேலே வந்த அந்த மாங்காட்டுப் பெண் என் வத்தக்குழம்பைப் பார்த்து ஆசைப்பட்டாள். பிசைந்து ஒரு வாய் ஊட்டிவிட்டேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். நான்காம் நாள் அவளுக்கு. எனக்குக் காய்ச்சலோடு போயிற்று. அவளுக்கு மூச்சுத் திணறி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மாதம் நிறையும் முன்பே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். நான் வீட்டில் தனி அறையில் கிடந்தேன். போன் அடித்தால் எடுக்கவே பயந்தேன். பாவி, என் கையாலேயே கொடுத்தேனே என்று அழுதேன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வேலைக்குத் திரும்பிய அன்றே அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க சிஸ்டர்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மாங்காட்டுக்குப் போனேன். அன்றைக்கே எனக்குத் தொண்டை சரியில்லை, தெரிந்தேதான் ஊட்டினேன் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "தெரியும்க்கா. உங்க கொரலு மாறிக்கினு இருந்தத நானும் கேட்டேன். பேஷண்டு யாராச்சும் அப்டிப் பேசிருந்தா எழுந்து ஓடிருப்பேன். நம்ம அக்காதானேன்னு வாயத் தொறந்துட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இன்றும் முகம் தெரியாதவர் இருமினால் என் கை தானாக முகக்கவசத்தைத் தேடுகிறது. நம் மனுஷர் இருமும்போதுதான் அந்தக் கையை நான் பிடித்து முகக்கவசத்திடம் இழுக்க வேண்டியிருக்கிறது.