இரவில் மட்டும் பூசும் களிம்பு

வாய்ப்பக்கம் பழுப்பேறி, அடியிலிருந்து சுருட்டப்பட்ட ஒரு களிம்புக் குழாய். ஓசூரில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் ஜன்னலில் அது கிடந்தது. இப்போது நான் வேலை பார்க்கும் பிசின் கம்பெனியில் ஹைட்ரோகுவினோன் மூட்டை வந்து இறங்கும்போதெல்லாம் அந்தக் குழாய்தான் கண்ணில் நிற்கிறது. திரவப் பிசின் டிரம்முக்குள்ளேயே இறுகிப் போகாமலிருக்க அந்த வெள்ளைப் பொடியைத் துளியளவு சேர்ப்போம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. அதே சரக்கு கலந்த களிம்பைத்தான் எங்கள் அறை அக்கா முகத்தில் தடவிக்கொண்டிருந்தாள்.

அக்கா அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். அப்போது நாங்கள் வேலை பார்த்த, போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் எனக்கு அடுத்த இருக்கை. சரியான வாயாடி, சூப்பர்வைசரைக் கன்னடத்தில் கிண்டலடித்துவிட்டு, அவர் திரும்பினால் தமிழில் கும்பிடு போடுவாள். அதே லைனில் இருந்த சேலத்துப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். பையனின் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் கறுப்பா இருக்குதே" என்று இழுத்தாராம். நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். அன்றைக்கே மருந்துச் சீட்டுகூட இல்லாமல் இந்தக் குழாயை வாங்கி வந்தாள்.

முதலில் முகம் வெளுத்தது உண்மைதான். அந்தம்மா வருவது தள்ளிக்கொண்டே போக, அக்கா குழாய் மேல் குழாயாக வாங்கினாள். நைட் ஷிப்ட்டும் வந்து சேர்ந்தது. 'இரவில் மட்டும், படுக்கும் முன்' என்று குழாயில் போட்டிருந்தது. நாங்கள் படுப்பதோ விடிந்தபிறகு. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூசிக்கொள்வாள். தூக்கம் பிடிக்காவிட்டால் அதே முகத்தோடு மொட்டைமாடி வெயிலில் நின்று பையனோடு போனில் பேசுவாள். வெயிலுக்கு ஆகாத மருந்து என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. கன்னம் எரிந்தது. "எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம்டி" என்றாள். கன்னத்து எலும்பின் மேல் நீலக்கறுப்பாகத் திட்டுகள் எழுந்தன. பயந்துபோய் இன்னும் அழுத்திப் பூசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வந்தே விட்டார். பவுடரை அப்பிக்கொண்டு வார்டன் அறையில் உட்கார்ந்த அக்கா என் கையை விடவே இல்லை. அந்தம்மா உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானை நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

"ஏங்கண்ணு, என்ன கிரீம் போட்ட?"

நான் ஓடிப்போய்க் குழாயை எடுத்துவந்து நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்தவர், அதே முந்தானையால் தன் கன்னத்துப் பவுடரையும் துடைத்தார். அதே நீலக்கறுப்பு.

"எங்க மாமியாருக்காக நான் போட்டன். எனக்காக நீ போட்டிருக்கற" என்றார். குழாயைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, அங்கேயே கல்யாணப் பேச்சை எடுத்தார்.

அந்தக் குழாய் இன்னும் அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது, கல்லாக இறுகிப்போய். இப்போது அந்தம்மாவின் சின்ன மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். போன மாதம் நான் போயிருந்தபோது உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி பெண்ணின் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நெறம் கம்மிதான்" என்றாள். அக்காவின் மாமியார் எழுந்துபோய், குழாயை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பவுடர் இல்லாத இரண்டு முகங்கள். அந்தப் பெண்மணி போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள்.

"கவுக்காத," என்றார் மாமியார். "நல்லா பாரு. அந்தப் புள்ளயத்தான் எடுக்கறோம்."