பேணியில் வாய் வைத்த மச்சாள்

விடியப்புறம் மகன் வந்து, "அம்மா, மாமி மோசம் போயிட்டா" என்றான். நான் அடுப்படியை விட்டு எழும்பவில்லை. இதற்கு முன் இரண்டு தரம் இப்படிச் சாவுச் செய்தி வந்து, நான் ஓடிப்போய்ப் பார்க்க, பொன்னுப்பிள்ளை மச்சாள் தலையணையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி கேட்டவர்.

"வடிவாய்ப் பாத்தனியோ?"

"ஓம்" என்றவன் அழுதுவிட்டான். அதன் பிறகுதான் நம்பினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இதை வாசிக்கும் உங்களில் பலர், என் கணவரின் தமக்கையான அவரைப் புகையிலைக்குப் புகை போடுகிற கைராசிக்காரி என்றே அறிவீர்கள். குடிலுக்குள் புகையிலைக் கட்டுகளான பாடங்களைத் தூக்கிக் கட்டி, கீழே தேங்காய்ப் பொச்சுமட்டை மூட்டி, போகத்துக்குப் போகம் குனிந்து ஊதியவர். பக்கத்து வளவில் இருந்த நான் அறிந்ததோ அவருடைய இருமலை.

விடிய எழும்பினால் இருமலும் சளியும். கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். படுத்தால் மூச்சு முட்டும் என்று இருந்தபடியே நித்திரை. உடம்பு மெலிய, கால்கள் மட்டும் வீங்கின. விரதநாள் குறிக்கிற கொப்பியின் பின்பக்கத்தில் இவ்வளவையும் நாள் போட்டு எழுதி வந்தேன். அவர் மகளை என் மகனுக்குப் பேசியிருந்தது. சயரோக வீட்டில் பெண் எடுக்க எனக்குப் பயம்.

இன்னொன்றும் எழுதினேன். தண்ணீர் குடிக்கிற மூக்குப்பேணியை உயர்த்தி, வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதல்லவா எங்கள் வழக்கம்? மச்சாள் வாய் வைத்து உறிஞ்சுவார். குளிக்காமல் அடுப்பு மூட்டாத ஆசாரக்காரர் எச்சில் பாராமல் குடிப்பது நோயைப் பரப்பத்தானோ என்றுகூட நினைத்தேன். சிவன் பொறுத்தருள வேண்டும்.

சயத்துக்கு அந்திக் காய்ச்சல் வரும் என்பார்கள். பொழுதுபட விளக்கு வைத்ததும், திருநீறு பூசுகிற சாட்டில் அவர் நெற்றியில் சூடு பார்ப்பேன். ஒருநாள் சொன்னார்: "காய்ச்சல் இல்லை, மச்சாள். ஐமிச்சமெண்டால் நாளைக்கும் பூசிவிடும்."

டாக்குத்தர் சளியைச் சோதித்துவிட்டு, சயமில்லை, புகைதான் நெஞ்சைக் கெடுத்தது, அதனால் இருதயமும் களைத்துக் கால் வீங்குகிறது என்றார். கலியாணம் நடக்கட்டும் என்று அவரும் மறைக்கிறாரோ என்று ஐமிச்சப்பட்டேன்.

அடுத்த போகத்தில் மச்சாள், "எனக்கு ஏலாமக் கிடக்கு. மூண்டு நாளைக்கு நீர் புகையைப் பாரும்" என்று கேட்டார். மூன்றாம் நாள் நான் குடிலிலிருந்து தவழ்ந்துதான் வெளியே வந்தேன். இருமல் அடங்கவில்லை. அவர் நீட்டிய பேணியை உயர்த்தி அண்ணாந்தேன். ஒரு மிடறு விழுங்கும் நேரத்துக்கு மூச்சைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் மூக்கால் வந்தது. பிறகு பேணியில் வாய் வைத்து உறிஞ்சினேன்.

மச்சாள் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எச்சிலாக்கினது ஆர்? அதையும் கொப்பியிலை எழுதும்."

கொப்பியின் பின்பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆவணியில் கலியாணம் நடந்தது. என்னைக் குடிலுக்குள் அனுப்பியது ஏலாமையாலா, வேண்டுமென்றேயா என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "உம்மடை பூசையைப் பாரும்" என்பார். அந்த ஐமிச்சம் மட்டும் இன்னும் தீரவில்லை.

அவர் மோசம் போன அன்று காலை கடைசித் தரமாக அவருக்குத் திருநீறு பூசினேன். பழக்கத்தில் கை சூடு தேடி, நெற்றியில் சற்று நின்றது.

தலைமாட்டில் இருந்த பேணியை மருமகளிடம் கேட்டு வாங்கி வந்தேன். யார் பார்த்தாலும், அதில் வாய் வைத்துத்தான் குடிக்கிறேன்.