நான் போர்த்தாத பொன்னாடை

என் மருமகளுக்கு வந்த மரியாதையை அவளுக்குக் கிடைக்காமல் செய்தவள் நான். கை தவறி நடந்ததல்ல. தெரிந்தே செய்தேன்!

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேசிப் பேசியே உங்களை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

முடிச்சூரில் எங்கள் வீட்டில் இரண்டே பேர்தான். நானும் வசந்தியும். என் மகன் காலமான பிறகும் அவள் என்னை விட்டுப் போகவில்லை. நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அவள் தெருவில் நடக்கும்போது நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்!

கொரோனா வந்தது. பஸ் நின்றது. அவள் உள் அறையில் உட்கார்ந்துவிட்டாள். கொரோனா போயிற்று... அவள் மட்டும் வெளியே வரவில்லை. அந்தப் பிரிவு இனி வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம்.

அந்த வருஷங்களை எப்படிச் சொல்ல? எந்நேரமும் மூடிய கதவு. "அத்தை, மீட்டிங்ல இருக்கேன், மிக்ஸி போடாதீங்க." "அத்தை, டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க." குக்கர் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். மீன்காரி வாசலில் கூவினால் வாயில் விரலை வைத்துக் காட்டுவேன்.

"இன்னா ஆயா, உள்ள கொயந்த தூங்குதா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

மருமகள் வேலை செய்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நைட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா? "அவளுக்கு உடம்பு முடியல, படுத்திருக்கா" என்றேன். குத்துக்கல் மாதிரி இருப்பவளை நோயாளி ஆக்கினேன்! அப்படிப்பட்டவள் நான்.

அவள் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. கூட வேலை செய்யும் பிரியா என்ற பெண், எப்படியோ நம்பரைப் பிடித்து என் போனுக்கே கூப்பிட்டாள்.

"பாட்டி, மேடம்கிட்ட மூச்சு விடாதீங்க. கூரியர்ல ஒரு பொன்னாடை அனுப்பியிருக்கோம். நாங்க எல்லாரும் அவங்கவங்க வீட்ல இருந்து கம்ப்யூட்டர்லதான் பேசப் போறோம். எங்களால கையால போர்த்த முடியாதே... எங்களுக்குப் பதிலா நீங்க போர்த்தணும். நான் கூப்பிட்டதும் உள்ள வந்துடுங்க."

"நான் மாமியார்டி. மருமகளுக்கு நான் பொன்னாடை போர்த்துறதா?"

"அதுதான் பாட்டி கெத்து!" என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்... சரி என்று வாயால் சொன்னேன். பார்சல் வந்தபோது வசந்திக்குத் தெரியாமல் வாங்கியும் வைத்தேன்.

அன்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். பொன்னாடையை மடிப்புக் கலையாமல் கையில் ஏந்திக் கதவோரம் நின்றேன். உள்ளே ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். "மேடம், உங்கள நான் நேர்ல பார்த்ததே இல்ல. ஆனா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்த மாதிரியே இருந்துச்சு."

என் நெஞ்சும் இளகத்தான் செய்தது. பொய் சொல்லவில்லை.

அப்புறம் பெரிய அதிகாரி பேசினார். "வசந்தி மேடம் வீட்ல இருந்து ஒரு சின்ன சத்தம்கூட நாங்க கேட்டதில்ல. எங்க வீட்ல எல்லாம் நாய் குலைக்கும், குக்கர் கத்தும். அந்த அமைதி அவங்களுக்குக் கடவுள் குடுத்தது!"

கடவுள் கொடுத்தாரா!

வசந்தி சிரித்தாள். "ஆமா சார், எங்க வீடு எப்பவுமே அமைதிதான்."

எப்பவுமேவா? விடிவதற்கு முன்னால் எழுந்து சட்னி அரைத்து வைத்தது யார்? சொந்த வீட்டில் திருடியைப் போல் அடிமேல் அடி வைத்து நடந்தது யார்? "எங்க அத்தை" என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

"பாட்டி, இப்ப வாங்க!" பிரியாவின் குரல்.

நான் அடுக்களைக்குப் போனேன். மிக்ஸியில் வெறும் ஜாரை மாட்டித் திருகினேன். அரைக்க ஒன்றுமில்லை. வெறும் சத்தம்!

அங்கிருந்து, பாதி திறந்திருந்த கதவு வழியே அவள் தெரிந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்திருந்தாள். நான் வரப்போகிறேன் என்று கதவையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்... பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

நான் மிக்ஸியை நிறுத்தியபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். "அத்தைக்குத் தலைசுத்தல் சார், படுத்திருக்காங்க. சத்தத்துக்கு மன்னிச்சுக்குங்க, வேலை செய்யற அம்மா மிக்ஸி போடறாங்க."

எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் கிடையாது. என் மானத்துக்காக ஓர் ஆளையே உண்டாக்கினாள்!

பொன்னாடையை என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகினேன். மறுநாள் பிரியா போனில் விசாரித்திருப்பாள் போல. "போர்த்தினாங்கப்பா... எழுந்ததும் அத்தைதான் போர்த்தினாங்க" என்று வசந்தி சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. ஆனால் என்னிடம் ஒரு கேள்வி இல்லை. ஏன் கேட்கவில்லை? நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேனே! அன்றோடு தீர்ந்திருக்குமே!

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையிலிருந்து என் மகள் வந்தாள்.

"என்ன அண்ணி, இத்தனை வருஷம் உழைச்சீங்க, உங்க ஆபீஸ்ல ஒண்ணும் செய்யலியா?"

"செஞ்சாங்களே. பொன்னாடை அனுப்பினாங்க. அத்தை கையாலயே போர்த்தினாங்க."

"எங்கம்மாவா? உங்களுக்கா? ஐயோ, மழை கொட்டப் போகுது!" என்று கைதட்டிச் சிரித்தாள் மகள். "என்ன கலர் அண்ணி?"

வசந்தி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை...

நான் எழுந்து போய் பீரோவைத் திறந்திருக்கலாம். இதைவிட நல்ல சமயம் இனி வாய்க்காது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. பெற்ற மகள் முன்னால் தலைகுனிவதா என்று உட்கார்ந்தே இருந்தேன்.

"பச்சை," என்றேன். "அரக்கு பார்டர்."

"ஆமா, பச்சை," என்றாள் வசந்தி.

தனக்கு வந்த பொன்னாடை என்ன நிறம் என்பதை என் மருமகள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.