கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று நாற்பது. அமைச்சரின் தொகுதி அலுவலகத்தில் டைப் அக்கா ஒரு பள்ளிச் சிபாரிசுக் கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தாள். தேநீர் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த டிரைவர்தான் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அக்கா, நம்ம ஆளு! சத்தத்தை வைங்க!"

வெளியுறவு அமைச்சர் வெளிநாட்டில், ஒரு துறைமுக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். நிருபர் ஒருவர் பழைய கடிதம் ஒன்றை நீட்டினார். அந்த நாட்டுச் சிறையில் இருக்கும் ஒன்பது கப்பல்காரர்களின் குடும்பங்களுக்கு ஏழு வருஷத்துக்கு முன் எழுதியது. 'அவர்கள் வீடு திரும்பும்வரை அந்த அரசோடு கை குலுக்கமாட்டேன்' என்று முடிந்திருந்தது.

"இது நீங்க எழுதினதுதானே?"

அமைச்சர் தாளைத் தொடவில்லை. "நான் எழுதலை. அவசரத்துக்குன்னு வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டு வச்சிருந்தேன். டைப்பிஸ்ட் ஒருத்தங்க அதைத் தப்பாப் பயன்படுத்திட்டாங்க. பாருங்க, கடைசி வரி என் கையெழுத்து மேல எப்படி இடிச்சுக்கிட்டு நிக்குது."

டிரைவர் தேநீரை மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அந்த அலுவலகத்தில் டைப்பிஸ்ட் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

பதினாலு வருஷத்துக்கு முன் அவள் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். மாணவர் சங்கத் தலைவன் ஒருவன் துண்டறிக்கை அடிக்க வந்தான். வயது இருபத்திநாலு, செருப்பில் ஒரு வார் இல்லை.

"எதுக்குத் தம்பி இத்தனை ஆச்சரியக்குறி? எதிரி பயப்படணும்னா ஒண்ணு போதுமே."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வார்டு உறுப்பினர் ஆனதும் கடை வாசலில் வந்து நின்றான். "எனக்குப் பேசத்தான் தெரியும் அக்கா. எழுத நீங்க வந்துடுங்க." வந்துவிட்டாள். சாக்கடை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர் என்று அவன் மேடையில் முழங்கியதற்கெல்லாம் மறுநாள் காலையில் மனு அடித்தவள் அவள். இருபத்தொன்பதாவது வயதில் நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தான். அன்றிலிருந்து ஊருக்கு அவன் அவர் ஆனான். அவளுக்கு மட்டும் தம்பிதான்.

தலைநகருக்கும் தொகுதிக்குமாக அலைய ஆரம்பித்ததும் ஒரு பழக்கம் வந்தது. திங்கட்கிழமை காலையில் அவர் ஐம்பது வெறும் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவார். வாரம் முழுக்க அவர் போனில் சொல்லச் சொல்ல, அவள் கையெழுத்துக்கு மேலே அடிப்பாள். சின்னக் கடிதம் என்றால் நடுவில் பெரிய வெளி விழும். நீளமான கடிதம் என்றால் கடைசி வரிகள் நெரிசல் பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி நிற்கும்.

"நான் நெனச்சா உங்க சொத்தையே எழுதி வாங்கிக்கலாம் தம்பி."

"இந்தச் செருப்புதான் அக்கா சொத்து. வாங்கிக்குங்க, தச்சுப் போட்டுக்கலாம்."

அந்த ஒன்பது பேரின் கப்பல் பிடிபட்டது அவர் நாடாளுமன்ற உறுப்பினரான இரண்டாம் வருஷம். ஒன்பது குடும்பங்களும் வந்து அலுவலக பெஞ்சில் உட்கார்ந்தன. தெருவிளக்கைத் தாண்டிப் பேசியறியாதவர், அக்காவின் மேசையில் உலகப் படத்தை விரித்து அந்த நாடு எங்கே இருக்கிறது என்று தேடினார். கடல் சட்டம் படித்தார். நாடாளுமன்றத்தில் அவர் பேசிய பேச்சு எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது, பிறகு இணை அமைச்சர் பதவி, முப்பத்தெட்டு வயதில் முழு அமைச்சர். அவர் ஏறிய ஏணியின் முதல் படி அந்த பெஞ்ச்.

அந்தக் கடிதத்தையும் ரயில் நிலையத்திலிருந்து போனில்தான் சொன்னார். அடித்து முடித்தபோது மறுபடி கூப்பிட்டார். "அக்கா, ஒரு வரி சேர்த்துக்குங்க. கை குலுக்கமாட்டேன்னு."

"இடமில்லையே தம்பி. கையெழுத்துப் போட்ட தாளும் இதோட தீர்ந்துபோச்சு. திங்கட்கிழமை வேற தாள்ல அடிச்சுடட்டுமா?"

"அவங்க காத்திருக்காங்க இல்ல? எப்படியாவது இடுக்குங்க."

இடுக்கினாள். அதைச் செய்யாமல் நாலு நாள் பொறுத்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

செய்தி வந்த மறுநாள் காலையில் அவரே போன் செய்தார்.

"அக்கா, கொஞ்ச நாள் வீட்ல இருங்க. அப்புறம் வேற எங்கயாவது போட்டுத் தரச் சொல்றேன்."

"வேலையைக் கேக்கலை தம்பி. அந்த வரியை நீங்க சொன்னீங்களா இல்லையா?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு ஞாபகம் பிசகுது அக்கா. நான் சொல்லலை."

ஊருக்கு முன்னால் சொன்ன பொய்யை அவள் விழுங்கியிருப்பாள். அரசியலில் அதெல்லாம் உண்டு என்று அவளே அவருக்காக வாதாடியிருப்பாள். கேட்க மூன்றாவது ஆள் இல்லாத இடத்தில் எதற்கு அந்தப் பொய்?

அன்று மதியம், சிறையில் இருக்கும் கப்பல் ஃபிட்டரின் மனைவி வீட்டுக்கே வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"அந்த லெட்டரைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன் அக்கா. பிள்ளைங்க தெனமும் படிக்கும். எங்க வாயை அடைக்க நீங்களா எழுதினதா?"

"இல்லம்மா. அவர் சொன்னாரு, நான் அடிச்சேன்."

"அவர் இல்லேங்கறாரே."

அதற்கு அக்காவிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. பத்திரிகைக்குப் போகச் சொன்ன டிரைவரிடம், "அவங்க என் பேச்சையா போடுவாங்க, அந்த இடிச்ச வரியைத்தான் போடுவாங்க" என்றாள். ஒன்பது வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்வது என்று முடிவு செய்தாள். போனில் சொன்னால் சொன்னேன் என்றும் ஆகும், சொல்லவில்லை என்றும் ஆகும். அது அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

வாரத்துக்கு ஒரு வீடு. ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். கப்பல் சமையல்காரரின் அண்ணன் மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டு, "நீங்க பொய் சொல்றீங்கன்னா நிம்மதியா இருந்திருக்கும்மா" என்றார்.

ஏழு வீடு முடிந்திருந்தது. எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், புடவையை மாற்றிக்கொண்டு செருப்பை மாட்டும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அமைச்சர் அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. சீட்டில் அவர் கையெழுத்து இருந்தது.

அவள் பையில் இருந்த காகிதத்தில் எட்டாவது முகவரிக்குப் பக்கத்தில் 'எந்த பஸ், விசாரிக்கணும்' என்று எழுதியிருக்கிறது. ஒன்பதாவது முகவரியில் தெருப் பெயர் மட்டும் இருக்கிறது, கதவு எண் இன்னும் எழுதப்படவில்லை.