மாடனை மாதவனாக்கிய தங்கப்பன்

கொல்லயில் வீட்டுத் தங்கப்பன் அண்ணன் ஐம்பத்திரண்டு வயதுவரை ஒழுங்காகத்தான் இருந்தார். தேங்காய் வியாபாரம், மத்தியானம் மீன்கறி, வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டு வளவிலிருக்கும் மாடன் தம்புரானுக்குக் கோழியும் சுருட்டும் வைத்து ஒரு கொடை. பிறகு பஜனை சமிதியில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் எங்களையெல்லாம் கரையேறாத ஜென்மங்களாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சமிதியில் தலைவர் பதவி காலியானது. அண்ணனுக்கு அதன்மேல் ஒரு கண். ஆனால் சமிதியின் ஆச்சாரியார் கண்டிப்பானவர். உயிர்ப்பலி வாங்கும் சாமி வளவில் இருந்தால் பதவி கிடையாது. வீட்டுக்கே வந்து பார்ப்பாராம்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மாடன் கோயில் பலகையில் 'ட'வைச் சுரண்டிவிட்டு 'தவ' என்று எழுதினார். மாடன் மாதவன் ஆகிவிட்டார்! பீடத்தில் ஒரு பிளாஸ்டிக் புல்லாங்குழல். கொடையும் ரத்து.

"அப்பம் இந்த வருசம் கோழி கெடையாதா?" என்று கேட்டாள் அவர் மனைவி கிருஷ்ணம்மா மைனி.

"எல்லா தெய்வமும் ஒண்ணாக்கும். அதுல வெஜிட்டேரியன் உள்ளதுதான் ஒசந்தது."

"எல்லாம் ஒண்ணுண்ணா, நம்ம தம்புரான் மட்டும் எப்பிடி தாழ்ந்து போனாரு?"

அண்ணன் நாமாவளி பாடினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சாரியார் வந்து மாதவனைக் கும்பிட்டார். பரம திருப்தி. முற்றத்தில் பஜனை தொடங்கியது. மிருதங்கத்துக்கு வெள்ளறடையிலிருந்து சிபி வந்திருந்தான். கொடைகளுக்குச் செண்டை அடிக்கிறவன். பாட்டு சூடுபிடித்ததும் அவன் கை பழைய தாளத்துக்குப் போய்விட்டது. அண்ணனுக்குக் கால் ஆடியது, தோள் ஆடியது, பிறகு ஒரே துள்ளல்!

"எலே! எனக்க பேரை அழிச்சது எவம்லே?"

ஆச்சாரியார் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மைனி மட்டும் பயபக்தியோடு முன்னே வந்து கைகூப்பினாள்.

"தம்புரானே, நீரு இப்பம் எவன் மேல ஏறி நிக்கியீரோ, அவனாக்கும் அழிச்சது."

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணனே கோழி வாங்கிவந்தார், 'ட'வையும் தன் கையாலேயே எழுதினார். தலைவர் பதவி சமிதியிலிருந்த செல்லசாமிக்குப் போய்விட்டது. அவர் வீட்டு வளவிலிருந்த இசக்கியம்மனும் போன மாதம்தான் மகாலட்சுமி ஆனாள். ஆனால் அவருக்கு இரண்டு கால்முட்டும் தேய்ந்துபோயிற்று. யார் எந்தத் தாளம் அடித்தாலும் துள்ளமாட்டார்.